மந்தை யார் சொல்லி நகர்ந்தது?
மங்கோலிய மேய்ச்சல் நிலம் மாறிய கதை

மங்கோலியாவின் 1992 அரசியலமைப்பில் ஆறாவது பிரிவு நிலத்தைப் பற்றியது. குடிமக்கள் நிலம் வைத்துக்கொள்ள அது வழிவிடுகிறது. ஆனால் மேய்ச்சல் நிலத்தை யாரும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. அந்த அரசியலமைப்பு எழுதப்பட்ட அதே ஓரிரு ஆண்டுகளில்தான் கூட்டுப்பண்ணைகள் கலைக்கப்பட்டு, நாட்டின் கால்நடைகள் பெரும்பாலும் தனியார் கைக்குப் போயின. ஆடு அவரவருடையது, அது தின்னும் புல் எல்லாருடையது என்று ஆயிற்று. தமிழ்நாட்டைப் போலப் பன்னிரண்டு மடங்கு பரப்பும், சுமார் 35 லட்சம் மக்களும் கொண்ட நாடு அது. நிலத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் மேய்ச்சல் வெளி. 2019 கணக்கெடுப்பில் அந்த வெளியில் 7 கோடிக்கும் அதிகமான கால்நடைகள் நின்றன.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு ஆதிகாலத்திலிருந்து வருவது போலத் தோன்றும். நாடோடிக்கு எல்லை ஏது, வானமே கூரை, கால் போன போக்கே பாதை என்று எழுதுவதற்கு வசதியான நிலக்காட்சி. உண்மை நேர்மாறானது. மங்கோலியப் புல்வெளிக்கு எப்போதும் ஓர் அதிகாரி இருந்தார். எந்த மந்தை எப்போது எங்கே போகலாம் என்று சொல்ல ஒருவர் இருந்தார். அப்படிச் சொல்ல ஆளில்லாமல் போனது கடந்த முப்பது சொச்ச ஆண்டுகளாகத்தான்.

1253 முதல் 1255 வரை மங்கோலியப் பேரரசுக்குள் பயணம் செய்த பிரான்சிஸ்கன் துறவி வில்லியம் ரூப்ரக் இதைக் கவனித்துப் பதிந்திருக்கிறார். ஒவ்வொரு தலைவருக்கும் அவருக்குக் கீழே உள்ள ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மேய்ச்சல் எல்லை உண்டு, குளிர்காலத்தில் எங்கே, கோடையில் எங்கே என்பதை அவர்கள் நன்றாக அறிவார்கள் என்கிறார். மங்கோலியர்களின் உணவையும் உடையையும் கண்டு முகம் சுளித்த அந்த ஐரோப்பியருக்குக்கூட அவர்களுடைய நிலக்கணக்கு பிடிபட்டுவிட்டது. பிற்காலத்தில் வந்த பலருக்குப் பிடிபடவில்லை.

இந்த நிலக்கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். மங்கோலியர் வளர்ப்பவை குதிரை, ஒட்டகம், மாடு அல்லது யாக், செம்மறி, வெள்ளாடு என்று ஐந்து வகை. ஐந்துக்கும் வாய் ஒன்றல்ல. குதிரை தொலைவில் போய் மேயும். செம்மறி தரையோடு ஒட்டிக் கடிக்கும். ஒட்டகமும் வெள்ளாடும் புதர்களில் வாய்வைக்கும். குடும்பத்துக்குப் பருவத்துக்கொன்றாக நான்கு முகாம்கள். கோடையில் ஆற்றங்கரை. இலையுதிர் காலத்தில் கொழுப்பு ஏற்றுவதற்காக மந்தையை மட்டும் தூரமாக ஓட்டிப்போவார்கள். குடும்பம் ஓரிடத்தில் இருக்க, இரண்டொருவர் சிறிய கூடாரத்தோடு மந்தையின் பின்னால் போகும் இந்தப் பயணத்துக்கு ‘ஓதோர்’ என்று பெயர். குளிர்காலத்தில் மலையின் தென்சரிவில், காற்று அடிக்காத மடிப்பு ஒன்றில் ஒதுங்குவார்கள். அங்கே தண்ணீர் இருக்க வேண்டும் என்பதில்லை. மந்தை பனியைத் தின்றே தாகம் தீர்த்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாத காரணத்தால் கோடையில் யாரும் நுழையாத மேய்ச்சல்தான் குளிர்காலத்துக்கு மிச்சம் இருக்கும்.

குளிர்கால முகாமின் பட்டியில் கால் வைத்தால் தரை மெத்தென்று அமுங்கும். ஆண்டுக்கணக்கில் ஆட்டுப் புழுக்கை மிதிபட்டு இறுகிய படுகை அது. வெப்பம் பூஜ்யத்துக்கு முப்பது, நாற்பது டிகிரி கீழே போகும் இரவில் சினை ஆடுகள் அதன்மேல்தான் படுக்கும். வசந்தத்தில் அதைப் பாளம் பாளமாக வெட்டி வெயிலில் காயவைப்பார்கள். அடுக்கினால் காற்றைத் தடுக்கும் சுவர், அடுப்பில் இட்டால் எரிபொருள். நம் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் சம்சாரியின் வயலில் கிடை போட்டு, புழுக்கையையும் மூத்திரத்தையும் நிலத்துக்குக் கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள். மங்கோலிய மேய்ப்பருக்கு அப்படிக் கொடுக்க வயல் இல்லை. அவருக்கு அந்தப் படுகையே சொத்து. ஒரு குடும்பம் ஓர் இடத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவர்களிடம் இருந்த கண்கூடான ஆதாரமும் அதுதான். முகாம் அவர்களுடையது என்றால் அதைச் சுற்றியுள்ள புல்லைக் கோடையில் வேறு யாரும் தொடக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

எழுதிய சட்டமும் இருந்தது. 1691-இல் கல்கா மங்கோலியர் சீனாவை ஆண்ட மஞ்சு பேரரசருக்குப் பணிந்தார்கள். அதன்பின் நிலம் ‘கோஷூ’ எனப்பட்ட ஆட்சிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு எல்லைகள் உறுதிசெய்யப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பரம்பரை இளவரசர். அனுமதியின்றி எல்லை தாண்டினால் தண்டனை. எல்லைக்குள் யார் எந்தப் பள்ளத்தாக்கில் மேய்ப்பது என்ற வழக்குகள் இளவரசரிடம் போகும். நல்ல புல் அவருடைய மந்தைக்கும் மடாலயத்தின் மந்தைக்கும் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பௌத்த மடங்கள் பெரிய கால்நடைச் சொந்தக்காரர்களாக இருந்தன. தம் மந்தைகளை வகை பிரித்துக் குடும்பங்களிடம் மேய்க்கக் கொடுத்து, நெய்யிலும் கம்பளியிலும் தம் பங்கை வாங்கிக்கொண்டன.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பத்து ஆடும் இரண்டு மாடும் வைத்திருக்கும் ஏழைக் குடும்பம் நீண்ட தூரம் நகர முடியாது. சுமக்க ஒட்டகம் இல்லை, கூட ஆள் இல்லை. நூறு கிலோமீட்டர் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டுமானால் பெரிய மந்தையும், அதை ஏவ அதிகாரமும் வேண்டும். மானிடவியலாளர் டேவிட் ஸ்னீத் இதை வலியுறுத்தி எழுதியிருக்கிறார். தொலைதூர மேய்ச்சல் என்பது சுதந்திர மனிதர்களின் பழக்கம் அல்ல, பெரும் சொந்தக்காரர்களின் நிர்வாகம் என்பது அவர் வாதத்தின் சாரம். நாடோடி வாழ்வைப் பற்றிய பரவச எழுத்துகளுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

1921 புரட்சிக்குப் பிறகு இளவரசர்கள் போனார்கள், 1930-களின் இறுதிக்குள் மடங்களும் அழிக்கப்பட்டன. இடையில், 1930-க்கும் 1932-க்கும் நடுவே, மந்தைகளைக் கட்டாயமாகப் பொதுவுடைமையாக்கும் முயற்சி ஒன்று நடந்தது. மக்கள் ஆடுமாடுகளை ஒப்படைப்பதைவிட வெட்டித் தின்றார்கள், நாட்டின் கால்நடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது, கலகம் மூண்டது, அரசு பின்வாங்கியது. அந்தக் குழப்பம் தணிந்த ஆண்டுகளில்தான் ஆந்த்ரேய் சிமுகோவ் என்ற ரஷ்ய ஆய்வாளர் மங்கோலியா முழுக்கச் சுற்றி, எந்த வட்டாரத்தில் எவ்வளவு தூரம், எந்தத் திசையில் நகர்கிறார்கள் என்று பதிவு செய்தார். ஹங்காய் மலைப்பகுதியில் நான்கு முகாம்களும் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மேற்கே மலையுச்சிக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்வருவார்கள். கோபிப் பாலைவனத்தில் மழை விழுந்த இடத்தைப் பொறுத்துத் தூரம் மாறும். இன்றும் ஆய்வாளர்கள் ஒப்பிடுவதற்கு எடுக்கும் அடிப்படைத் தரவு அவருடையது. சிமுகோவ் 1939-இல் கைதானார், 1942-இல் சோவியத் முகாமில் இறந்தார்.

இரண்டாம் முயற்சி 1950-களில் நிதானமாக நடந்து வென்றது. 1959 முடிவதற்குள் ஏறக்குறைய எல்லா மேய்ப்பர் குடும்பங்களும் ‘நெக்தெல்’ எனப்பட்ட கூட்டுப்பண்ணையில் சேர்ந்துவிட்டன. ஒரு குடும்பம் சொந்தமாக வைத்துக்கொள்ள ஹங்காய் பகுதியில் 50, கோபியில் 75 கால்நடை என்று உச்சவரம்பு. மற்றவை பண்ணையுடையவை. மேய்ப்பர் மாதச் சம்பளக்காரர் ஆனார். ஒரு குடும்பத்திடம் பெட்டை ஆடுகள் மட்டும், அடுத்ததிடம் ஒரு வயதுக் குட்டிகள் மட்டும், இன்னொன்றிடம் ஒட்டகங்கள் மட்டும். இப்படி வகை பிரிப்பது மடத்து மந்தைகளுக்குப் பழகிய முறைதான். சொந்தக்காரர் மாறினார், வேலைப் பிரிவினை பெரிதாக மாறவில்லை.

நிலத்தைப் பொறுத்தவரை இரண்டு எதிரெதிர் மாற்றங்கள் சேர்ந்தே நிகழ்ந்தன. பழைய கோஷூக்கள் உடைக்கப்பட்டு ‘சும்’ எனும் சிறிய வட்டங்கள் 300-க்கு மேல் உருவாயின. பெரும்பாலும் ஒவ்வொரு வட்டமும் ஒரு கூட்டுப்பண்ணை. இதனால் முன்பு ஒரே எல்லைக்குள் இருந்த கோடை மேய்ச்சலும் குளிர்கால மேய்ச்சலும் சில இடங்களில் வேறு வேறு வட்டங்களுக்குப் போய், வழக்கமான பாதை அறுந்தது. மறுபக்கம், பண்ணையிடம் லாரி இருந்தது. நகர வேண்டிய நாளைத் தலைவர் அறிவிப்பார், லாரி வரும், கெர் என்னும் கம்பளிக் கூடாரத்தைக் கழற்றி ஏற்றிப் புதிய முகாமில் இறக்கிவிடும். கிணறுகளில் மோட்டார் பொருத்தப்பட்டது. கால்நடை மருத்துவர் வந்தார். உலர்புல் வெட்டிச் சேமிக்கப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் அவசரத் தீவன நிதி ஒன்றும் ஏற்பட்டது. பிள்ளைகள் வட்டத் தலைநகரின் விடுதிப் பள்ளியில் இருந்தார்கள், செலவு அரசுடையது.

மூன்று பதிற்றாண்டுகள் நாட்டின் கால்நடை எண்ணிக்கை இரண்டரைக் கோடியை ஒட்டியே நின்றது. இதைச் சோஷலிச அரசின் சூழல் ஞானமாகக் காட்டுவது மிகை. ஆண்டுதோறும் பெருவாரியாக மந்தைகள் சோவியத் ஒன்றியத்துக்கு இறைச்சியாகப் போயின. ஒரு மேய்ப்பரிடம் ஆடு கூடினால் அவருக்கு லாபம் எதுவும் இல்லை. புல்லைக் காத்தது கசாப்பும் உச்சவரம்பும்தான் என்றே நினைக்கிறேன்.

1990-இல் ஆட்சி மாறியது. சோவியத் உதவி நின்றது. 1991 முதல் கூட்டுப்பண்ணைச் சொத்துகள் பங்குச்சீட்டு முறையில் பிரிக்கப்பட்டன. கால்நடைகள் குடும்பங்களுக்குப் போயின. லாரி ஒருவருக்கு, கிணற்று மோட்டார் இன்னொருவருக்கு, பட்டிக் கொட்டகை வேறொருவருக்கு என்று மீதியும் சிதறியது. பெட்ரோல் விலை ஏற, லாரிகள் நின்றன. மோட்டார் பழுதான கிணறுகளைச் சீராக்க ஆளில்லை. தூர்ந்த கிணற்றைச் சுற்றியிருந்த மேய்ச்சல் அந்தக் கணமே பயனற்றுப் போனது. இருக்கும் கிணறுகளைச் சுற்றிக் கூட்டம் கூடியது.

அதே நேரத்தில் நகரத்து ஆலைகள் மூடப்பட்டு வேலை இழந்தவர்கள் பங்காகக் கிடைத்த ஆடுகளோடு புல்வெளிக்குத் திரும்பினார்கள். 1990-இல் 1.47 லட்சமாக இருந்த மேய்ப்பர் எண்ணிக்கை பத்தாண்டில் 4.2 லட்சம் ஆனது. புதிதாக வந்தவர்களுக்குக் குளிர்கால முகாம் இல்லை, தூரம் போகச் சுமைவிலங்கு இல்லை, முகாமுக்குப் பாத்தியதை சொல்லத் தாத்தாவின் புழுக்கைப் படுகையும் இல்லை. சாலையோரத்திலும் வட்டத் தலைநகரைச் சுற்றியும் தங்கினார்கள். 1990-களின் நடுவில் பயான்கோங்கோர் மாகாணத்தில் கள ஆய்வு செய்த மரியா ஃபெர்னாண்டஸ்-ஹிமெனெஸ் கண்டதும் இதைத்தான்: நகர்வு குறைந்தது, பிறர் ஒதுக்கிவைத்த குளிர்கால மேய்ச்சலில் பருவம் தவறி நுழைவது கூடியது. நான் போய்விட்டுத் திரும்புவதற்குள் என் புல்லை அடுத்தவன் மேய்த்துவிடுவான் என்ற பயம் வந்துவிட்டால் யாரும் இடத்தை விட்டுக் கிளம்பமாட்டார்கள். நகராமல் இருப்பதால் நிலம் கெடும், கெட்ட நிலத்தைப் பார்த்து இன்னொருவர் தன் இடத்தைக் காவல் காக்க உட்கார்ந்துகொள்வார்.

மந்தையின் சேர்க்கையும் மாறியது. 1990-இல் வெள்ளாடு சுமார் 51 லட்சம், 2019-இல் 2.9 கோடி. காரணம் காஷ்மீர் ரோமம். வசந்தத்தில், ஆட்டின் அடிமயிர் தானாகக் கழல ஆரம்பிக்கும்போது, கால்களைக் கட்டிப் படுக்கவைத்துக் கம்பிச் சீப்பால் வாரி எடுக்கும் அந்த மென்மயிர்தான் பல குடும்பங்களுக்கு ஆண்டின் பெரிய ரொக்கம். பள்ளிச் செலவும் மோட்டார் சைக்கிளும் வங்கிக் கடனும் அதை நம்பித்தான். விலை விழுந்தால் ஆட்டைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை. வெள்ளாடு வேரோடு பிடுங்கித் தின்கிறது என்று நகரத்தார் அதன்மேல் பழி போடுவது வழக்கம். ஆட்டைக் குற்றம் சொல்வது எளிது. ரோமத்தைத் தவிர வேறு எதற்கும் ஒழுங்கான சந்தை அமையவில்லை என்பதை யாரும் அதே வேகத்தில் சொல்வதில்லை.

பிறகு ‘ட்ஸுத்’ வந்தது. குளிர்காலத்தில் மந்தை மந்தையாகச் சாகும் பேரிடர் இது. பனி ஆழமாக மூடிப் புல் எட்டாமல் போனால் வெள்ளை ட்ஸுத். பனியே விழாமல் குடிக்க எதுவும் இல்லையென்றால் கறுப்பு. உருகிய பனி மறுபடி உறைந்து தரையில் பாளமாகிவிட்டால் இரும்பு ட்ஸுத். இவற்றோடு, ஓரிடத்தில் அளவுக்கு மீறி மந்தைகள் குவிந்து மிதிப்பதால் வருவதைக் குளம்பு ட்ஸுத் என்கிறார்கள். அது முழுக்க மனிதர் உண்டாக்குவது. 1999-இல் 3.36 கோடியாக இருந்த எண்ணிக்கை, அடுத்தடுத்த மூன்று குளிர்காலங்களில் அடிபட்டு 2002-இல் 2.39 கோடிக்கு இறங்கியது. 2009-10-இல் ஏறத்தாழ ஒரு கோடி, அதாவது நாட்டின் மந்தையில் ஐந்தில் ஒன்றுக்கு மேல், செத்தது. 2023-24-இல் 70 லட்சத்துக்கு மேல். எல்லாம் போனவர்கள் கூடாரத்தோடு தலைநகர் உலான்பாத்தரின் விளிம்புக்கு வந்தார்கள். நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இன்று அந்த ஒரு நகரில்.

உலான்பாத்தருக்குப் போக ட்ஸுத் மட்டும் காரணமல்ல. 2008 முதல் ஆறு வயதிலேயே பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அதற்கு முன் ஏழு, எட்டு வயதில் போன பிள்ளைகள் விடுதியில் சமாளித்தார்கள். ஆறு வயதுக் குழந்தையை விடுதியில் விடத் தாய்க்கு மனம் வராது. அவர் வட்டத் தலைநகரில் வீடு பிடித்துக்கொள்கிறார், கணவர் மந்தையோடு தனியாக இருக்கிறார். ஒற்றை ஆளால் நான்கு முகாமுக்கு நகர முடியாது. மேய்ச்சல் கொள்கை பற்றிய அறிக்கைகளில் இதற்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு.

எல்லைக்கு அப்பால், சீனாவின் உள்மங்கோலியாவில், இதே சிக்கலுக்கு வேறு விடை எழுதப்பட்டது. 1980-களில் கால்நடைகளைக் குடும்பங்களுக்குக் கொடுத்த அரசு, அடுத்துப் புல்வெளியையும் துண்டு துண்டாகப் பிரித்து ஒப்பந்தத்தில் கொடுத்தது. 1985-இல் புல்வெளிச் சட்டம் வந்தது. கம்பிவேலிகள் எழுந்தன. காரெட் ஹார்டின் 1968-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தருக்கம் இதற்குப் பின்னணியில் இருந்தது: பொதுநிலம் கெட்டே தீரும், தனிச்சொத்தானால் காப்பாற்றப்படும். 1998-இல் ஸ்னீத் ரஷ்ய, சீன, மங்கோலியப் புல்வெளிகளைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஒப்பிட்டார். நிலையான பண்ணைகளாக மாற்றப்பட்ட ரஷ்யப் பகுதியில் மேய்ச்சலில் முக்கால் பங்கும், சீனப் பகுதியில் மூன்றில் ஒன்றுக்கு மேலும் சீரழிந்திருந்தன. மங்கோலியாவில் பத்தில் ஒன்று. பொதுவளங்களை ஆய்ந்த எலினார் ஆஸ்ட்ரமும் சக ஆய்வாளர்களும் இந்த எண்களை ஹார்டினுக்கு மறுப்பாக எடுத்தாண்டார்கள்.

மறுப்பு சரியானது. ஆனால் அந்த ஒப்பீடு மங்கோலியாவில் அளந்தது பெரும்பாலும் இளவரசர், மடம், கூட்டுப்பண்ணை ஆகியோர் விட்டுச்சென்ற நிலத்தை. 1992-க்குப் பிந்தைய கேட்பாரற்ற நிலைக்கு அதை நற்சான்றிதழாக நீட்ட முடியாது. அடிக்கடி நீட்டுகிறார்கள்.

வேலி ஏன் தோற்றது என்பதும் தெளிவாகவே தெரிகிறது. வறண்ட புல்வெளியில் மழை திட்டுத் திட்டாகப் பெய்யும். இந்த ஆண்டு என் துண்டில், அடுத்த ஆண்டு பத்துக் கிலோமீட்டர் தள்ளி. வேலிக்குள் இருக்கும் மந்தை அதே பட்டைக்குள் தினமும் நடந்து மிதிக்கிறது. தண்ணீர் பக்கத்துத் துண்டில் இருந்தால் கைகலப்பு. 2000-க்குப் பிறகு சீன அரசு மேய்ச்சல் தடைகளும் ‘சூழல் குடிபெயர்வு’ம் கொண்டுவந்து, பல மேய்ப்பர்களைக் குடியிருப்புகளில் அமர்த்திப் பால்மாடு வளர்க்கச் சொன்னது. வேலி போட்டுக் கெட்டதற்கும் மேய்ப்பர்தான் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

மங்கோலியாவின் தெற்குக் கோபிக்கு வேறொரு சங்கடம் வந்தது. கான்போக்த் வட்டத்தில் ஓயு தோல்கோய் தாமிர–தங்கச் சுரங்கத்துக்காக மேய்ப்பர்கள் இடம்பெயர்ந்தார்கள், உந்தாய் நதி திசை திருப்பப்பட்டது. மேய்ப்பர்கள் 2012-இல் உலக வங்கிக் குழுமத்தின் குறைதீர்ப்பு அமைப்பிடம் புகார் கொண்டுபோய், பல ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின் 2017-இல் உடன்பாடு கண்டார்கள். இப்படிப்பட்ட பேச்சில் குளிர்கால முகாமுக்கு விலை போட முடிகிறது, கொட்டகைக்குப் போட முடிகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மழை பொய்க்கும்போது மட்டும் போகும் தூரத்து மேய்ச்சலுக்கு எப்படி விலை போடுவது?

சட்டப் புத்தகத்தின்படி இன்று குளிர்கால, வசந்தகால முகாம்களுக்குக் குடும்பங்கள் ஒப்பந்தச் சான்று பெறலாம். சுற்றியுள்ள புல் பொது. எப்போது நகர்வது என்பதை வட்ட ஆளுநர் ஒழுங்குபடுத்த வேண்டும். அவரிடம் அதற்குப் பணமும் ஆளும் இல்லை, நகரச் சொல்லிக் கண்டிப்புக் காட்டினால் வாக்கு இல்லை. இதற்கிடையே பழைய உருவம் ஒன்று திரும்பியிருக்கிறது. நகரத்தில் உத்தியோகமும் வியாபாரமும் உள்ளவர்கள் ஆடுகளை வாங்கி மேய்ப்பரிடம் விட்டுவைக்கிறார்கள். மடத்தின் மந்தையை மேய்த்த ஏழைக் குடும்பத்தின் இடத்தில் கூலிக்காரர் நிற்கிறார். மடமாவது தன் மந்தையை எங்கே அனுப்புவது என்று யோசித்தது.

2004-இலிருந்து ஸ்விஸ் உதவியோடு மேய்ச்சல் பயனாளர் குழுக்கள் அமைக்கப்பட்டு, சில வட்டங்களில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் உடன்பாடுகள் நடக்கின்றன. 2021-இல் தலைக்கு இவ்வளவு என்ற முறையில் கால்நடை வரி மீண்டும் வந்தது. மேய்ச்சல் நிலத்துக்கென்று தனிச் சட்டம் பலமுறை வரைவாகி நாடாளுமன்றத்தில் தேங்கியது. என் வாசிப்பில் முடிச்சு ஓர் இடத்தில் இருக்கிறது. ஒரு குழுவுக்கு எல்லை வகுத்து உரிமை கொடுத்தால் அவர்கள் புல்லை ஒதுக்கிக் காப்பார்கள். ட்ஸுத் அடிக்கும் குளிர்காலத்தில் பக்கத்து வட்டத்து மந்தை ஓதோர் வந்து அந்த ஒதுக்கீட்டின் முன் நிற்கும். உள்ளே விட்டால் காத்தவருக்கு அடுத்த வசந்தத்தில் புல் இல்லை, சென்ற முறைகளில் அப்படி நடந்தும் இருக்கிறது. விடாவிட்டால் வந்தவரின் மந்தை எல்லையில் சாகும். மாகாணங்களுக்கு இடையே அரசு ஒதுக்கிவைத்த ஓதோர் மேய்ச்சல்கள் இதற்காகவே இருக்கின்றன. அவற்றிலும் ஆண்டு முழுக்கத் தங்கிவிடும் மந்தைகள் உண்டு. அவற்றை வெளியேற்றுவது யார் வேலை என்பதில் ஆளுநர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.